ஒப்பந்தம் எழுதவில்லை என்றால் விடுப்பு இல்லையா?

"கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாதவருக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது" என்று டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முழுப் பொய். இதை நம்பித்தான் துணிக்கடையில் வேலை பார்க்கும் என் அத்தை மகள், கொதிக்கும் காய்ச்சலோடு, கைப்பையில் மாத்திரையை வைத்துக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினாள்.

தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி, வேலை விவரங்களை எழுதித் தரவேண்டியது முதலாளியின் கடமை. அவர் தவறினால் தொழிலாளியின் உரிமை போய்விடாது. மாதம் 24 மணி நேரமாவது உழைப்பவருக்கு ஆண்டுக்குத் தொடர்ச்சியாக 21 நாள் விடுப்பு உண்டு; வாரம் 5 நாள் வேலை என்றால் அது 15 வேலைநாள். நோய் விடுப்பு தனி: வாரம் 5 நாள் வேலை பார்ப்பவருக்கு 3 ஆண்டுக்கு 30 நாள். வேலைக்குச் சேர்ந்த முதல் 6 மாதம் மட்டும், 26 வேலைநாளுக்கு ஒரு நாள்.