புரோட்டான் மோதலிலும் பிளாஸ்மாவா?

காரீய அணுக்கருக்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் மோதும்போது, புரோட்டான், நியூட்ரான்களுக்குள் அடைபட்டிருக்கும் குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து திரியும் நீர்மத் துளியொன்று, அதாவது குவார்க்-குளுவான் பிளாஸ்மா, கணநேரம் உருவாகிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதை அடையாளம் காண நெடுங்காலம் கையாளப்பட்ட முறைதான் என்னை உறுத்துகிறது. காரீய மோதலில் தெரிவதைப் புரோட்டான் மோதலோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பிளாஸ்மாவின் தடயம் என்றார்கள். புரோட்டான் மோதலில் பிளாஸ்மா கிடையாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத முன்முடிவு.

2010-இல் அந்த முன்முடிவு ஆட்டம் கண்டது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் சிஎம்எஸ் குழு, மிக அதிகமான துகள்கள் வெளிப்பட்ட புரோட்டான் மோதல்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, கற்றையின் திசையில் வெகுவாக விலகிச் சென்ற துகள்கள்கூடப் பக்கவாட்டில் ஒரே திசையை நாடியிருந்தன. காரீய மோதல்களில், துகள்கள் நீர்மம் போல ஒன்றாக நகரும் கூட்டு ஓட்டத்தின் அடையாளமாகக் கருதப்பட்டதும் இதுவே. 2017-இல் செர்னின் ஆலிஸ் குழு, துகள் எண்ணிக்கை கூடக்கூட விந்தைக் குவார்க் (strange quark எனும் குவார்க் வகை) கொண்ட துகள்களின் விகிதமும் ஏறுவதைப் புரோட்டான் மோதலிலேயே காட்டியது; இதுவும் பிளாஸ்மாவின் அடையாளமாகக் கருதப்பட்டதுதான். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் ஃபீனிக்ஸ் குழு செய்த ஆய்வு இவற்றைவிட அழகானது என்பேன்: தங்க அணுக்கருவோடு புரோட்டான், இரு துகள் கொண்ட டியூட்ரான், மூன்று துகள் கொண்ட ஹீலியம்-3 ஆகியவற்றைத் தனித்தனியே மோதவிட்டு, தொடக்க வடிவம் வட்டமா, நீள்வட்டமா, முக்கோணமா என்பது வெளிவரும் துகள்களின் பரவலில் பதிந்திருப்பதைக் கண்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிறு மோதல்களில் பிளாஸ்மா உண்டு என்று அறுதியிட நான் தயங்குகிறேன். ஓட்டம் போலத் தெரிவதை, துகள்கள் ஓரிரு முறை சிதறுவதாலோ மோதலுக்கு முன்பே குளுவான்களுக்கிடையே இருக்கும் தொடர்பாலோ ஓரளவு விளக்கலாம். ஆனால் அடர்ந்த ஊடகம் இருக்குமானால், அதைக் கடக்கும் விரைவான குவார்க் ஆற்றலை இழந்தே ஆக வேண்டும். புரோட்டான்-காரீய மோதல்களில் அந்த இழப்பு தெளிவாகத் தென்படவில்லை. (வேடிக்கை என்னவென்றால், 1982-இல் கோட்பாட்டு இயற்பியலாளர் பியோர்கன் இந்த இழப்பைப் பற்றி எழுதியபோது அவர் மனத்தில் இருந்தவை ஹாட்ரான்-ஹாட்ரான் (புரோட்டான் போன்ற, குவார்க்குகளாலான துகள்களின்) மோதல்கள்தான்.) சிறு மோதல்களில் இந்த இழப்பைத் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு: துகள் எண்ணிக்கையை வைத்து மோதல்களைத் தரம் பிரிக்கும்போது, பிரிக்கும் செயலே கணக்கைத் திரித்துவிடுகிறது.

ஆகவேதான் 2025 ஜூலையில் செர்னில் நடந்த ஆக்சிஜன் அணுக்கரு மோதல்களைப் பெரிதாக மதிக்கிறேன். காரீயத்தில் 208 நியூக்ளியான்கள் (புரோட்டான்களும் நியூட்ரான்களும்), ஆக்சிஜனில் வெறும் 16. அப்படியிருந்தும், அவ்வாறு தரம் பிரிக்காமலேயே, உயர் உந்தத் துகள்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவதை, அதாவது அந்த ஆற்றல் இழப்பின் தடயத்தை, சிஎம்எஸ் அளந்திருக்கிறது. ஆக்சிஜன் வரை பிளாஸ்மா என்ற சொல்லை இனித் தயங்காமல் எழுதுவேன். புரோட்டான் மோதலைப் பொறுத்தவரை, அதே இழப்பு அங்கும் அளக்கப்படும் வரை, 'கூட்டு ஓட்டம்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.