ஆச்சியின் சாவிக்கொத்தும் ஆகாயத்து வெல்டிங்கும்

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுப் பின்கட்டுக்கு கேட் மாட்டப் போயிருந்தேன். பெயின்ட் காய்ந்துவிட்டது, கூலியை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வீட்டு ஆச்சிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி, கேட் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது கம்பியில் நின்றுவிட்டார்.

"இது மட்டும் உசுரில்லாத சத்தமாக் கேக்குதே தம்பி."

"வெல்டிங் நல்லாப் பிடிச்சிருக்கு ஆச்சி. பாருங்க, எவ்வளவு சீரா இருக்கு."

"பாக்கத்தான் சீரா இருக்கு. நாளைக்கு வந்து அதை என்னன்னு பாரு. மிச்சக் காசு அப்ப தாரேன்."

கடுப்போடுதான் காரைக்குடி திரும்பினேன். ராத்திரி மகன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். விண்வெளியிலேயே உலோகத்தை 3டி பிரின்ட் செய்து, நூறு மீட்டர், ஆயிரம் மீட்டர் நீளத்துக்குச் சட்டங்கள் கட்டப்போகிறார்களாம். "அப்பா, இது உங்க வேலைதானே?" என்று கேட்டிருந்தான். ஒரு வகையில் என் வேலைதான். கம்பியை உருக்கி வரிமேல் வரியாக ஓட்டிச் சுவர் எழுப்புவது, கம்பிச் சுருளை ஊட்டிக்கொண்டே பற்றவைக்கும் மிக் வெல்டிங்கின் அண்ணன் பிள்ளை. ஆம்ஸ்டர்டாமில் 2021-ல் இப்படி ரோபோ கைகளை வைத்து வெல்டிங் வரிகளாலேயே 12 மீட்டர் எவர்சில்வர் நடைபாலம் போட்டுத் திறந்தார்கள்.

யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. செட்டிநாட்டுக்காரனுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பர்மாத் தேக்கு கப்பலில் மரமாக வந்தது, நிலைக்கதவாக வரவில்லை. இழைத்ததும் செதுக்கியதும் இங்கே உட்கார்ந்த ஆசாரிகள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு மண் அந்த ஊர் மண்தான். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்துச் சாயத்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தித் தண்ணீரில் ஊறப்போட்டால் கல் ரெடி, சூளையே கிடையாது. எதைக் கப்பலில் ஏற்றுவது, எதை இடத்தில் செய்வது என்ற கணக்கு அந்தக் காலத்துச் செட்டியார்களுக்குத் தெளிவாக இருந்தது.

ராக்கெட்காரர்கள் இதுவரை நிலைக்கதவையே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2021 டிசம்பர் 25-ல் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடி 6.5 மீட்டர். ராக்கெட்டின் மூக்குக்குள் நுழையாது என்பதால் 18 துண்டாக்கி மடித்தார்கள். டென்னிஸ் மைதானம் அளவு வெயில் மறைப்பையும் சுருட்டி வைத்தார்கள். எது ஒன்று சிக்கினாலும் மொத்தமும் வீண் என்கிற மாதிரி 344 இடங்கள், பெரும்பாலும் மேலே போய் விரிக்கும்போது. விரிந்தது, ஆண்டவன் புண்ணியம். சர்வதேச விண்வெளி நிலையம் 109 மீட்டர் அகலம், 420 டன். அதைத் துண்டு துண்டாக ஏற்றி மாட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்கள் ஆயின.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. மேலே போனபின் அந்தச் சட்டத்துக்கு எடையே இல்லை. ஆனால் கிளம்பும் அந்தச் சில நிமிடக் குலுக்கலைத் தாங்க வேண்டுமே என்று ஆயுசுக்கும் தேவைப்படாத கனத்தில் செய்கிறார்கள். சீர்ப் பீரோவை லாரி ஆட்டத்துக்குப் பயந்து இரட்டைத் தகட்டில் அடிப்பது போல. கம்பிச் சுருளாக ஏற்றினால் குலுக்கலுக்குப் பயப்பட வேண்டாம். மேலே போய்ச் சிலந்தி நூல் மாதிரி மெலிசாகக் கட்டிக்கொள்ளலாம்.

காற்றில்லாத இடத்தில் வெல்டிங் முடியுமா என்று மகன் கேட்டான். முடியும் என்று காட்டி நாற்பது வருஷம் ஆகிவிட்டது. 1984 ஜூலை 25-ல் சோவியத்தின் சல்யூத்-7 விண்வெளி நிலையத்துக்கு வெளியே வந்த ஸ்வெத்லானா சவீத்ஸ்காயா, கையில் எலக்ட்ரான் கற்றைக் கருவியோடு உலோகத்தை வெட்டினார், பற்றவைத்தார். விண்வெளியில் நடந்த முதல் பெண்ணும் அவர்தான். அதே எலக்ட்ரான் கற்றையைப் பூமியில் பிடிக்க வேண்டுமென்றால் காற்றை உறிஞ்சிய பெட்டி வேண்டும். அங்கே வானமே பெட்டி! வெல்டிங்கில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் சிலிண்டரின் வாடகை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இன்றைக்கு நிஜமாக எங்கே நிற்கிறோம் என்பதை அந்தக் காணொளி சொல்லவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமைக்காக ஏர்பஸ் செய்த உலோகப் பிரின்டர் 2024-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. 180 கிலோ எடை, எவர்சில்வர் கம்பி, லேசர். மே மாதக் கடைசியில் முதல் வரியை ஓட்டியது. அதில் செய்யக்கூடிய பெரிய பொருள் 9 சென்டிமீட்டர் உயரம், 5 சென்டிமீட்டர் அகலம். கேட் தாழ்ப்பாள்கூட அதைவிடப் பெரிசு. சத்தம் அதிகம் என்று ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் ஓட்டுவார்களாம். (என் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.)

தாழ்ப்பாளிலிருந்து நூறு மீட்டர் சட்டத்துக்குப் போகும் வழியில் எனக்கு இரண்டு பயம். ஒன்று, சூடு. இங்கே வெல்டிங் ஆறுவதற்குக் காற்று இருக்கிறது. அங்கே கதிராக வீசித்தான் ஆற வேண்டும். சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பது முதல் வருஷப் பையனுக்கும் தெரியும். போதாததற்கு, பூமியைத் தாழ்வாகச் சுற்றும் அநேகமாக எதுவும் ஒன்றரை மணிக்கொரு தரம் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறுகிறது. 200 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலே நூறு மீட்டர் இரும்புச் சட்டம் 24 சென்டிமீட்டர் நீளும், சுருங்கும். சித்திரை மத்தியானத்தில் என் கேட் தாழ்ப்பாள் இரண்டு மில்லிமீட்டர் ஒதுங்கினாலே போன் வருகிறது.

அதைவிடப் பெரிய பயம் புரை. இங்கே உருகிய குழம்புக்குள் மாட்டும் வாயுக் குமிழி லேசானது என்பதால் மேலே வந்து வெடித்துப் போகும். எடையே இல்லாத இடத்தில் குமிழிக்கு மேல் எது, கீழ் எது? உள்ளேயே தங்கிவிடும். மேலே வரி அழகாக இருக்கும், உள்ளே ஓட்டை. அங்கே போய் யார் தட்டிப் பார்ப்பது?

அதனால் என் கருத்து இதுதான். எவ்வளவு பெரிசாக அச்சடிக்கலாம் என்ற போட்டியை நிறுத்திவிட்டு, ஓட்டும்போதே ஒவ்வொரு வரியையும் உள்ளே பார்க்கிற கருவிக்கு முதல் பணத்தைப் போடுங்கள். நம் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2024 மே மாதம் சென்னை அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சினோடு ராக்கெட் விட்டது. அதே மாதம் இஸ்ரோ, 14 பாகங்களை ஒன்றாக்கி அச்சடித்த எஞ்சினை 665 விநாடி எரித்துக் காட்டியது. பெருமைதான். ஆனால் தரையில் செய்ததை எரித்துப் பார்க்கலாம், அறுத்துப் பார்க்கலாம். நிலையத்துப் பிரின்டரில் தாழ்ப்பாள் அளவுகூட இல்லாமல் அச்சடித்ததையே பூமிக்குக் கொண்டுவந்துதான் சோதிக்கிறார்கள். நூறு மீட்டரை எப்படி இறக்குவார்கள்?

மறுநாள் காலையில் கிரைண்டரோடு கானாடுகாத்தான் போனேன். ஒன்பதாவது கம்பியின் அடியை அறுத்தேன். மேலே பூச்சு மாதிரி ஒரு வரி, உள்ளே கம்பியும் சட்டமும் சேரவே இல்லை. அரிசி அளவில் இரண்டு புரை. உதவிக்கு வரும் பையன் போட்டதில்லை, நானே போட்டது. ஆச்சியிடம் ஒன்றும் சொல்லாமல் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி போட்டேன். ஆறும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, முதல் கம்பியிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.