மூடிக் கிடந்த ஜன்னல்

எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனை பத்து வருடமாகத் தெருவின் குப்பைமேடாக இருந்தது. பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும். மழை பெய்தால் போதும், உடைந்த பீங்கான் தொட்டிகளில் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கும். அந்தப் பக்கத்து ஜன்னலை அம்மா திறந்ததே இல்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். "இந்த நாற்றத்தில் எங்கேடா நடப்பது?" என்பார் அம்மா.

இரண்டு வருடத்துக்கு முன் தெருக்காரர்கள் சேர்ந்து, வெளியூரில் இருக்கும் மனைக்காரரிடம் போனில் சம்மதம் வாங்கினோம். அரை நாள் ஜேசிபி ஓடியது, ஏழு லோடு குப்பை போனது. செம்மண் அடித்து, இரண்டு புங்கை, ஒரு வேம்பு, ஓரமாக நந்தியாவட்டை வைத்தோம். இப்போது அம்மா விடிந்ததும் பூப்பறிக்க இறங்குகிறார். அப்படியே தெருமுனை வரை நாலு நடை. ஜன்னல் பகலெல்லாம் திறந்திருக்கிறது.

வீட்டருகே பச்சை இருந்தால் மனம் தெளியும் என்பதை அம்மாவை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 541 காலி மனைகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளி, புல்லும் சில மரங்களும் வைத்து, தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மீதியைத் தொடவில்லை. 2018இல் முடிவு வெளியானது: பசுமையாக்கிய மனைகளுக்கு அருகில் வசித்தவர்களில் மனச்சோர்வாக உணர்கிறோம் என்றவர்கள், தொடாத மனைப் பக்கத்தாரோடு ஒப்பிட 41 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். ஏழைப் பகுதிகளில் இது 68 சதவீதத்துக்கு மேல். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படியான மாற்றமே இல்லை! இதுதான் என்னை உலுக்கியது. சுத்தம் மட்டும் போதவில்லை, கண்ணுக்குப் பச்சை வேண்டியிருக்கிறது. ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறுவைசிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இலேயே எழுதிவிட்டார்.

ஆனால் நம் ஊர்களில் பசுமை என்றாலே கோடிக்கணக்கில் செலவழித்து, நீரூற்று வைத்து, காலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுகிற பூங்காதான். நடப்பதற்கு ஸ்கூட்டரில் போகவேண்டியிருக்கிறது. எழுபது வயதுக்காரர் எப்படிப் போவார்? அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது தெருவுக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறேன். காலி மனை, குளக்கரை, கால்வாயோரம் எல்லாம் காத்துக் கிடக்கின்றன.

எங்கள் மனைக்காரர் நாளை வீடு கட்டலாம். அது அவர் உரிமை. அதற்குள் எதிர்த்த வரிசை மனைக்கும் பேசிவருகிறோம். உங்கள் தெருவிலும் ஒன்று இருந்தால் உரிமையாளரின் எண்ணை இப்போதே தேடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கன்று வைத்தால் கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.