முன்னாள் படைவீரர் என்றாலே மருத்துவமனை ஒப்பந்தம் கிடைத்துவிடாது

‘அமெரிக்காவில் பணியில் உடல்நலம் குன்றிய முன்னாள் படைவீரரைப் பங்குதாரராகச் சேர்த்தால் போதும், படைவீரர் மருத்துவமனை ஒப்பந்தம் உறுதி, சான்றிதழுக்குக் கட்டணம் கட்டுங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

படைவீரர்களுக்குச் சொந்தமான, தகுதியுள்ள இரண்டு சிறு நிறுவனங்களாவது நியாயமான விலையில் போட்டியிடும் என்று ஒப்பந்த அதிகாரி எதிர்பார்க்க முடிந்தால்தான் ஒதுக்கீடு, அதாவது அத்தகைய நிறுவனங்கள் மட்டுமே போட்டியிடும் டெண்டர். அந்த நிலையில் ஒதுக்குவது கட்டாயம் என்று 2016இல் கிங்டம்வேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒதுக்கிய பிறகும் டெண்டரில் வென்றாக வேண்டும்.

பெயருக்குப் பங்கு கொடுப்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள்: குறைந்தது 51% உரிமையோடு அன்றாட நிர்வாகமும் படைவீரர் கையில் இருக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து சான்றளிப்பது அமெரிக்க மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம் (SBA), கட்டணம் கிடையாது. விதிகள் அதன் இணையதளத்திலேயே உள்ளன. அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.