"எங்க லிமிட்டில் வராதும்மா"

வேறு மாநிலத்தில் கணவன் வீட்டில் அடிபட்டு, மாற்றுத்துணிகூட எடுக்காமல் அம்மா வீட்டுக்கு வந்து சேரும் பெண்ணிடம் காவல் நிலையத்தில் வழக்கமாகச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "சம்பவம் அங்கதானே நடந்தது? அங்கயே போய்க் குடுங்க. எங்க லிமிட்டில் வராதும்மா." இதை இன்னமும் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலிலேயே பதில் சொல்லிவிட்டது.

அதற்கு முன்பு குழப்பம் இருந்தது உண்மைதான். 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நம்ம ஊர் வழக்கு. நாகர்கோவிலில் கணவன் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்த பெண், சென்னையில் புகார் கொடுத்தார். கொடுமை எல்லாம் நாகர்கோவிலோடு முடிந்துவிட்டது, சென்னையில் எதுவும் நடக்கவில்லை, எனவே சென்னை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாநில எல்லையைக்கூடத் தாண்டாத வழக்கு அது! ஆனால் 2011-ல் ராஞ்சியில் கொடுமைப்படுத்தப்பட்டு கயாவுக்கு வந்த பெண்ணின் வழக்கைக் கயாவிலேயே நடத்தலாம் என்றது அதே நீதிமன்றம். எந்தத் தீர்ப்பைக் காட்டினால் காரியம் ஆகும் என்பது வக்கீலின் சாமர்த்தியமாக இருந்தது.

2019-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்து வைத்தது. மனைவியைக் கணவனும் அவன் வீட்டாரும் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் கொடுமை என்றால் உடம்பில் விழும் அடி மட்டுமில்லை, மனதுக்குச் செய்யும் கேடும்தான். அந்தக் கேடு கணவன் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை, பிறந்த வீட்டுக்கும் கூடவே வருகிறது. ஒரு செயலின் விளைவு எங்கே ஏற்படுகிறதோ அங்கேயும் வழக்கை விசாரிக்கலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவு. ஆகவே துரத்தப்பட்டோ, தாங்காமல் வெளியேறியோ அவள் எங்கே தஞ்சம் புகுந்தாளோ, அந்த ஊர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. 2024 ஜூலையில் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. 498ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86. அந்த 179, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 199. விஷயம் மாறவில்லை.

என் சித்தி மகள் புனேயிலிருந்து வந்தபோது கூடப் போனேன். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் டாக்டர் சீட்டு, நகைக்கடை பில், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் கலர் பிரிண்ட். அதைவிட முக்கியம், அவள் இங்கே வந்த பிறகும் ராத்திரியில் அவள் போனுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்கள். அந்த மிரட்டல் அவள் காதில் விழுந்தது இந்த ஊரில்தானே? யாரும் ஃபைலைத் திறக்கவில்லை. கடைசியில், "சரி, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு புனேவுக்கு அனுப்பிடறோம்" என்றார்கள், பெரிய மனது பண்ணுவதுபோல.

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். எல்லை பார்க்காமல் எந்த நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவே சொல்கிறது, நல்லது. ஆனால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதிகாரமில்லாத நிலையம் பதிந்து, அதிகாரமுள்ள நிலையத்துக்கு அனுப்பி வைப்பது. 2019 தீர்ப்புப்படி அதிகாரம் இந்த நிலையத்துக்கே இருக்கும்போது எதற்காக அனுப்ப வேண்டும்? அனுப்பினால் வாக்குமூலத்துக்கும் வாய்தாவுக்கும் அவள் புனேவுக்கு அலைய வேண்டும். எந்த வீட்டுக்குப் பயந்து ஓடி வந்தாளோ அதே ஊருக்கு. பெண்ணுக்கு உதவ வந்த ஏற்பாடு, புகாரைத் தள்ளிவிடும் வழியாக ஆகிறது.

குற்ற வழக்கு மட்டுமே ஒரே வழி என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் எல்லைத் தகராறுக்கு இடமே வைக்கவில்லை. 27-வது பிரிவு, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டே போதும் என்கிறது. அவர் போடும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் மனு தயாரித்துக் கொடுப்பார். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். (சிரிக்காதீர்கள்.) ஊர் தாண்டிப் போகும் நோட்டீஸ் "வீடு பூட்டியிருந்தது" என்று திரும்பி வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு வாய்தா. என்னைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்தின் பலவீனம் முழுக்க அந்தத் தபாலில்தான் இருக்கிறது. இங்கே போட்ட உத்தரவை அங்கே இருக்கிற இன்ஸ்பெக்டர் தன் வேலையாக நினைப்பதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

"அப்போ ஆம்பளைங்க கதி? மனைவி எந்த ஊரில் கேஸ் போட்டாலும் ஓடணுமா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். நியாயமான கேள்விதான். ராஜஸ்தானில் மனைவி புகார் கொடுக்க, பெங்களூருவில் கணவர் முன்ஜாமீன் வாங்கிய வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வெளிமாநில வழக்காக இருந்தாலும், தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில் குறுகிய காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு கேட்கலாம். ஆனால் புகார் பதிந்த ஊர் அரசு வழக்கறிஞருக்கும் விசாரணை அதிகாரிக்கும் நோட்டீஸ் போக வேண்டும், காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்பதால் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று அதே நீதிமன்றம் 2014-லேயே சொல்லியாகிவிட்டது. ஆக அவருக்கு அவர் ஊரிலேயே கதவு திறக்கிறது. அவளுக்கு மட்டும் ஏன் "லிமிட்"?

இப்படி ஒரு வீட்டில் யாராவது இருந்தால், புகாரை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 173-லேயே அடுத்த படி இருக்கிறது, நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சித்தி மகள் மனுவுக்கு நம்பர் ஆனது அப்படித்தான்.