ஒழுகினது மாடி, வெட்டினது கறிவேப்பிலை

நேற்று நம்ம அடுக்குமாடிக் குடியிருப்பு குரூப்பில் அசோசியேஷன் போட்ட போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று கழுவிவிட்ட மொட்டை மாடி. "மாடியில் கிடந்த குப்பை அகற்றப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி" என்று ஒரு வரி, கீழே வரிசையாகக் கைதட்டல். யாரிடம் ஒத்துழைப்பு கேட்டார்கள் என்றுதான் தெரியவில்லை. அந்தக் குப்பையில் நாங்கள் தொட்டியில் வளர்த்த இடுப்புயரக் கறிவேப்பிலை இரண்டு, ஒரு கற்பூரவல்லி, கம்பியில் ஏறிய தூதுவளை, ஓரமாகப் பிரண்டை, காய்க்க ஆரம்பித்த மணத்தக்காளி எல்லாம் இருந்தன. பூச்செடி ஒன்றுகூட இல்லை. தப்பு அங்கேதான் போலிருக்கிறது.

செடிகளை வெட்டியதற்குச் சொன்ன காரணம், ஒழுகல். மேல்தளத்து வீடுகளில் ஒழுகுவது உண்மை. ஐப்பசி மழையில் படுக்கையறையில் வாளி வைத்துக்கொண்டு படுக்கிற பாடு யாருக்கும் வரக் கூடாது. ஆனால் ஒழுகுவது செடியால் இல்லை. இதை இந்தப் பதிவிலேயே இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் பழைய மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டை ஓடு பதித்திருப்பார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற பூச்சு, சென்னை வெயிலில் விரிந்து சுருங்கி உதிர்ந்துவிடும். மழைத்தண்ணீர்க் குழாய் வாயில் சருகும் பிளாஸ்டிக் கவரும் அடைத்தால் மாடி குளமாகிறது. தேங்கின தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்குகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் கீறல் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் போக, டிஷ் ஆன்டெனாவுக்கென்று தளத்தைத் துளைத்துப் போல்ட் அடித்திருக்கிறார்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் போல்ட்டுகள் துருப்பிடித்து அங்கேயே இருக்கின்றன. செடிகளைத்தான் காணோம்.

தொட்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்தால் அடியில் ஈரம் காயாது, பாசி பிடிக்கும். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வைத்தியம் மூன்று செங்கல். தொட்டிக்கு அடியில் காற்று போகிற மாதிரி செங்கல்லை வைத்து, அடித்துளை மறையாமல் நிறுத்தினால் தரை அன்றைக்கே காய்ந்துவிடும். விரிசலில் வேர் விட்டுத் தளத்தைப் பிளப்பது அரசங்கன்று. அதைக் காக்கை விதைக்கிறது. காக்கைக்கு யாரும் சர்க்குலர் அனுப்புவதில்லை.

"கனம் தாங்குமா?" என்று ஒரு சார் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது, கேட்ட தொனி வேறு. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பை கிட்டத்தட்ட 22 லிட்டர் பிடிக்கும். வெறும் செம்மண்ணைத் திணித்துத் தண்ணீர் ஊற்றினால் 35 கிலோவுக்கு மேல் போகும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமபங்காகக் கலந்தால் நனைந்த பிறகும் அதைவிட நன்றாகவே குறையும். அதையும் நடுத்தளத்தில் வைக்காமல், அடியில் உத்தரம் ஓடுகிற சுவரோரமாக வைத்தால் கட்டடத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே மாடியில் 2,000 லிட்டர் டேங்க் நிற்கிறது. தண்ணீர் மட்டுமே 2 டன். டேங்க் தூண்மேல் நிற்கிறது என்பீர்கள். சரி, பையும் உத்தரத்துக்கு மேல்தானே நிற்கப்போகிறது. தோட்டக்கலைத் துறையே பையும் தென்னைநார்க் கட்டியும் விதையும் மானிய விலையில் கொடுத்து மாடித் தோட்டம் போடுங்கள் என்று சொல்கிற ஊரில் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் சங்கடம்.

கொசு வரும் என்கிறீர்களா? டெங்குக் கொசு மண்ணில் முட்டையிடாது, தேங்கின தெளிந்த தண்ணீரில் இடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், தீர்ந்தது. அப்புறம் ஏசி தண்ணீர் சொட்டுகிற பக்கெட்டையும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டையும் அவரவர் வீட்டில் போய்ப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் சுட்டது இதெல்லாம் இல்லை. "பத்து ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிற கறிவேப்பிலைக்கு இவ்வளவு அலட்டலா" என்று குரூப்பில் ஒரு மேடம் போட்ட அந்த ஒரு வரி.

கிடைக்கும் மேடம். காய்கறி வாங்கினால் கொசுறாகவே கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்திருந்த கதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அதையும் விடுங்கள். அந்தக் கொத்தை மண்ணில் குத்தி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வேர் பிடிக்காது. செடி வருவது, பழத்திலிருந்து எடுத்தவுடன் போட்ட விதையிலிருந்தோ தாய்ச்செடிக்குப் பக்கத்தில் கிளம்புகிற பக்கக்கன்றிலிருந்தோதான். விதையைக் காயவைத்து டப்பாவில் சேர்த்தால் முளைப்பே போய்விடும். முதல் வருஷம் இலையை உருவக் கூடாது. நுனியைக் கிள்ளணும், அப்போதுதான் பக்கக்கிளை வெடிக்கும். பூ விட்டால் கிள்ளிப் போடணும். மார்கழிக் குளிரில் செடி அப்படியே நிற்கும், இலை மஞ்சளாகும். பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும், செடி செத்துப் போவது அதில்தான். நம்ம ஏரியா போர்வெல் தண்ணீர் உப்பு, இலைநுனி கருகும். மழைத்தண்ணீரைப் பிடித்து அவ்வப்போது அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றி உப்பை இறக்கணும். புளித்த மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், மாதம் ஒரு தடவை. கெட்டியாக ஊற்றினால் நாற்றமும் எறும்பும்தான் மிச்சம். பறவை எச்சம் மாதிரி இலைமேல் ஒட்டிக்கொண்டிருப்பது எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சிப் புழு. விட்டால் கொழுந்து முழுக்கப் போய்விடும். இவ்வளவும் பார்த்துத்தான் அது இடுப்புயரம் வந்தது. பத்து ரூபாயாம்.

கறிவேப்பிலையாவது கடையில் இருக்கிறது. சளி பிடித்த குழந்தைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ரசம் வைக்கணும் என்றால் கற்பூரவல்லிக்கு எந்தக் கடைக்குப் போவீர்கள்? ஆன்லைனில் வருவது சுருண்டு கறுத்து வரும். அந்த இலை ஈரச்சதை, கட்டி வைத்தால் தாங்காது. அதன் வாசனை எண்ணெயில் இருக்கிறது, கொதித்தால் பறந்துவிடும். அதனால்தான் ரசம் வைக்கிற நேரத்தில் கிள்ளணும் என்பது. நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து விட்டு, பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடணும். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், தோலோடு நாலு பல் பூண்டு, ஒன்றிரண்டாகத் தட்டிப் போடணும். அப்புறம் கொதிக்க விடக் கூடாது. ஓரமெல்லாம் நுரை கட்டி வந்ததும் அடுப்பை அணைத்து, இலை ஐந்தாறைக் கையால் கிழித்துப் போட்டு மூடணும். முதலிலேயே போட்டால் வாசனையும் போகும், கசப்பும் ஏறும். சாதம் ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வடித்தது. சூட்டிலேயே கரண்டிக் காம்பால் மசித்து, நெய் விட்டு, பிறகு ரசம். ஆறின சாதத்தை மசித்தால் கட்டி கட்டியாக நிற்கும், குழந்தை துப்பிவிடும். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம் போதும்.

எங்கள் தளத்தில் எந்த வீட்டுக் குழந்தை தும்மினாலும் முதலில் ஆள் ஓடுவது மாடிக்குத்தான். அசோசியேஷன் ஆட்கள் வீட்டுக்கும் அந்த இலை போயிருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

"பிரண்டையெல்லாம் யார் சாப்பிடுகிறார்கள், நாக்கு அரிக்கும்" என்றும் ஒரு கமென்ட். அரிக்கும்தான், முற்றின தண்டைப் போட்டால். கொழுந்துக் கணுவாகப் பார்த்து எடுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, எண்ணெயில் நிறம் மாறிச் சுருங்கும்வரை வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாயோடு புளியைத் தாராளமாக வைத்து அரைத்தால் அரிக்காது. தூதுவளையில் முள் இருக்கிறதாம், குழந்தைகளுக்கு ஆபத்தாம். இலைக்கு அடியில் நடு நரம்பில் இருக்கிற முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு நெய்யில் வதக்கணும், அவ்வளவுதான். முள் இருக்கிறதென்று கீழே நுழைவாயிலில் வைத்திருக்கிற காகிதப்பூச் செடியை யாராவது பிடுங்கினார்களா? அதில் அங்குல நீளத்துக்கு இருக்கிறது. ஓ, அது அழகு.

அழகைப் பற்றிக் கடைசியாக ஒன்று. காலியான இடத்தில் பீங்கான் தொட்டியில் பாம் என்கிற அலங்காரப் பனைச்செடி வைக்கப் போகிறார்களாம், சுற்றிலும் வெள்ளைக் கூழாங்கல்லாம். அந்தப் பாமுக்கும் தண்ணீர் ஊற்றித்தான் ஆகணும். அதன் தொட்டிக்கும் கனம் உண்டு. பங்குனி தாண்டி மாடி வெயிலில் நிறுத்தினால் அதன் ஓலை பழுத்துக் கருகும், நிழலில் வளர்க்கிற வகை அது. இதைச் சொன்னதற்கு, "உங்களுக்கு எல்லாத்திலும் ஒரு குறை" என்று பதில். ஆமாம், இருக்கிறது. ஊரில் எவ்வளவோ பெரிய பிரச்சினை இருக்க, செடிக்குப் போய் இவ்வளவு நீளப் பதிவா என்பவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால், தொட்டிகளை அவரவர் பால்கனிக்கு இறக்கியிருப்போம். வெட்டிச் சாக்கில் கட்டி வாசலில் போடுகிற அளவுக்கு அந்தச் செடிகள் யாரை என்ன செய்தன?

ஒழுகுவது செடியால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் நான் கேட்கப்போவது நஷ்ட ஈடு இல்லை. மழைக்கு முன்னால் அந்தக் குழாய் வாய்க்கு வலை போடுவது யார், ஓடுகளுக்கு நடுவில் இருக்கிற சந்துகளை அடைப்பது யார், ஆன்டெனா போல்ட்டைப் பிடுங்கித் துளையை மூடுவது யார், எந்தத் தேதிக்குள்? மினிட்ஸில் எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போடணும். பாமுக்குக் காசு ஒதுக்குவது அதற்கு அப்புறம்.