சைவத்துக்கு மாறியவர்களுக்குச் சுருள்பாசி மட்டும் போதாது

நடுவயதில் அசைவத்தை விட்டவர்கள் தினமும் ஒரு கரண்டி ஸ்பைருலினா, அதாவது சுருள்பாசித் தூள் சாப்பிட்டாலே வைட்டமின் பி12 குறைபாடு வராது என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. அதில் இருப்பது பெரும்பாலும் மனித உடலால் பயன்படுத்திக்கொள்ள முடியாத போலி பி12. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை என்பதையும், ஒரு கோப்பைப் பாலில் சுமார் 1.3 மைக்ரோகிராம் உள்ளது என்பதையும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பி12 குறிப்பில் எவரும் சரிபார்க்கலாம். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், உணவை மாற்றிய உடனே எந்தக் குறையும் தெரிவதில்லை. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான், ஏனெனில் கைகால் மரத்துப்போவதை உணரும்போது நரம்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். பால், தயிர், முட்டை ஆகியவற்றையும் தவிர்ப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்வது அவசியம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து அதை மேலும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.